சகாய மாதா படகின் குலம் கோத்திரம்

காரைக்கால் கடலோர மக்களுக்கும், அவர்தம் படகுகளுக்கும், அந்தப் படகுகளின் நிழலில் படுத்துறங்கும் நாய்களுக்கும் இதனால் சகலரும் அறிய அறிவிக்கப்படுவது யாதெனில்: இந்தப் பிராந்தியத்தில் மிதக்கும் எந்தப் படகும் தான் யார், எந்தப் பட்டறையில் பிறந்தது, என்ன மாடல் என்ற விவரங்களை அரசுக்குச் சொல்லாமல் இனி மிதக்கக் கூடாது. சொல்லத் தெரியாத படகு கரையிலேயே கிடக்க வேண்டியது. இந்த அறிவிப்பு மீன்களுக்குப் பொருந்தாது.

கடைசி வரி அறிவிப்பில் கிடையாது. ஆனால் மீன்கள் அப்படித்தான் நடந்துகொண்டன. மத்தி கூட்டம் கூட்டமாகக் கரையை ஒட்டி வந்திருந்த நேரம் அது. இரண்டு பாகம், அதாவது இரண்டு ஆள் ஆழத்திலேயே வலை கனத்தது. காரைக்கால்மேட்டில் யார் வீட்டைத் தாண்டினாலும் மத்திக் குழம்பு வாசனை. ஆரோக்கியஜோசப் வீட்டிலும் மத்திக் குழம்புதான். என்ன, அது அடுத்த வீட்டுக்காரன் பிடித்த மத்தி.

ஜோசப் படகின் பதிவு போன மாதமே முடிந்திருந்தது. மற்றவர்களுக்கு இன்னும் தவணை இருந்தது. அவர்கள் விடியுமுன் போய், வெயில் ஏறும்போது படகு நிறைய மீனோடு திரும்பினார்கள். ஜோசப்பின் ‘சகாய மாதா’ மட்டும் மணலில் மல்லாந்து கிடந்து வேடிக்கை பார்த்தது. பழைய ஃபைபர் படகு. இன்ஜின் நன்றாக ஓடும், வலையும் புதிது. குறை ஒன்றுதான்: தான் யாரென்று அதற்குத் தெரியாது.

பதிவு போடும் அதிகாரியின் பெயர் குஞ்சிதபாதம். படகுகளைப் பற்றி அவர் கற்றதெல்லாம் மேசையின் மேல்தான். கடல்காற்று தலைக்கு ஒத்துக்கொள்ளாது என்று அலுவலக ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பார்.

“யார் செஞ்ச படகு?” என்றார்.

“தெரியாது சார். கோட்டுச்சேரிக்காரர் ஒருத்தர்ட்ட வாங்கினேன். அவரு இன்னொருத்தர்ட்ட வாங்கினாராம்.”

“மாடல்?”

“ஃபைபர் போட்டு சார்.”

“அது இனம்யா. நான் கேக்கிறது குலம் கோத்திரம்.”

“படகுக்கெல்லாம் அது இருக்குமா சார்?”

“காருக்கு இருக்கு. பைக்குக்கு இருக்கு. எங்க வீட்டு மிக்ஸிக்கு இருக்கு. ஒன் படகுக்கு மட்டும் இல்லாமப் போயிடுமா? எங்கயாவது பொறிச்சிருப்பான், தேடு. இல்ல, விவரம் தெரிஞ்ச ஆள்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. வாய்க்கு வந்ததைச் சொன்னே, பதிவே ரத்தாயிடும். அதுவரைக்கும் படகு தண்ணியில எறங்கக் கூடாது.”

ஜோசப் கடற்கரைக்குத் திரும்பியபோது அவன் மனைவி சலோமி அடுத்தவர் படகில் வந்த மத்தியை ஏலத்தில் எடுத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னான். அவள் ஐஸை அள்ளிப் போட்டபடி கேட்டாள்.

“ஏங்க, என்னைய பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பாகிட்ட எந்த ஊரு, எந்தக் கோயில் பங்கு, பாட்டன் பேரென்ன, பூட்டன் பேரென்னன்னு எல்லாம் வெசாரிச்சீங்க. படகு வாங்கயில ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?”

“இன்ஜின் ஓடுதான்னு பாத்தேன்டி.”

“அதான பாத்தேன். எனக்குன்னா ஏழு தலைமொறை, அதுக்குன்னா இன்ஜின் கயித்துல ஒரு இழுப்பு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜோசப்புக்குச் சிரிப்பு வரவில்லை. படகைச் சுற்றி நாலு தடவை வந்தான். குனிந்து பார்த்தான், படுத்துப் பார்த்தான். அப்பிக் கிடந்த நீலப் பெயின்ட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. யாரோ அதைப் படம் பிடித்து, ‘இந்தப் படகின் மாடல் தெரிந்தவர்கள் சொல்லவும்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். பதினைந்து பேர் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்கள். ஒருவர் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டார். சண்முகசுந்தரம் நேரிலேயே வந்துவிட்டார்.

தலத்தெருவில் குடியிருக்கும் சண்முகசுந்தரம், காரைக்கால் தொன்மை மீட்புக் கழகத்தின் நிறுவனர். அதன் தலைவரும் செயலாளரும் அவரே. கூட்டம் நடக்கும்போது நன்றியுரையும் அவரே சொல்வார். பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போன சேதி அவருக்கு மட்டும் இன்னும் முறைப்படி தெரிவிக்கப்படவில்லை. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மணலில் செருப்பு புதையப் புதைய நடந்து வந்தவர், படகைப் பார்த்ததும் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பொன்ழூர்” என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். ஜோசப்பிடம் இல்லை, படகிடம்.

“மாடல் தெரியுங்களா ஐயா?” என்றான் ஜோசப்.

“இந்த வளைவைப் பாருங்க தம்பி. இது நம்ம ஆளு போட்ட வளைவு இல்ல. அட்லாண்டிக் வளைவு.”

“அது வெயில்ல சாச்சு வச்சதுல வளைஞ்சதுங்க.”

அவர் காதில் அது ஏறவில்லை. முன்பக்கம் போனார். இடது புறத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, இட்லி அளவுக்கு ஒரு புடைப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் குனிந்து இரண்டு கையாலும் தடவினார்.

“இது என்னன்னு தெரியுமா? அலையைப் பொளக்கிற உத்தி. பிரெஞ்சுக்காரனைத் தவிர வேற யாருக்குத் தம்பி இந்த மூளை வரும்?”

“அலை வலது பக்கமும் வருமேங்கய்யா?”

“அதான் நுட்பம்” என்றார் சண்முகசுந்தரம்.

பிறகு முக்கால் மணி நேரம் பேசினார். அதில் படகு இரண்டு இடத்தில் வந்தது. பேசி முடித்ததும் பையிலிருந்து கழகத்தின் தாளை எடுத்து, மேற்படி படகு பிரான்சு தேசத்தின் மேற்குக் கரையில் வார்க்கப்பட்டது என்று எழுதி, கையெழுத்திட்டு, தன் முத்திரையைத் தன் பையிலிருந்தே எடுத்துக் குத்தினார். ஜோசப்புக்கு ஒரு எழுத்து கூட நம்பிக்கை இல்லை. ஆனால் முத்திரை வட்டமாக இருந்தது. வட்ட முத்திரைக்கு அலுவலகத்தில் தனி மரியாதை உண்டு என்பது அவனுக்குத் தெரியும்.

குஞ்சிதபாதம் தாளை இரண்டு முறை படித்தார்.

“பிரான்ஸா?”

“அப்படித்தான் சார் ஐயா சொல்றாரு.”

“அப்ப எறக்குமதி. சுங்கத்துல கட்டின ரசீது எங்க? கப்பல்ல வந்துச்சா, விமானத்துல வந்துச்சா?”

“கோட்டுச்சேரிலேருந்து டிராக்டர்ல வந்துச்சு சார்.”

“இங்க பாரு ஜோசப்பு. நேத்து வரைக்கும் இது அனாதைப் படகு. இன்னைக்குக் கடத்தல் படகு. நான் ஒன் மேல கேஸு போடாம இருக்கிறதே பெரிய விஷயம்.”

வெளியே வந்து ஜோசப் சண்முகசுந்தரத்துக்கு ஃபோன் போட்டான். எழுதியதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்படி கெஞ்சினான். “வரலாற்றை வாபஸ் வாங்க முடியாது தம்பி” என்று அவர் வைத்துவிட்டார்.

அன்றைக்குக் கரைக்கு வந்த படகுகளில் மீன் அள்ளி மாளவில்லை. எடுப்பவன் இல்லாமல் மத்தியைக் கருவாட்டுக்குக் கொட்டினார்கள். ஜோசப் வீட்டுக்குப் போய்ச் சுரண்டியும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு வந்தான். யார் மேலும் காட்ட முடியாத கோபத்தைப் படகின் மேல் காட்டினான். நீலம் உரிந்தது. அதற்கடியில் ஒரு கட்சியின் நிறம் வந்தது. அதையும் உரித்தால், கூட்டணி மாறுவதற்கு முந்தைய கட்சியின் நிறம். அதற்கும் கீழே, சுனாமிக்குப் பிறகு படகு கொடுத்த ஏதோ ஒரு அறக்கட்டளையின் பெயர். படகு எத்தனை அடியோ அத்தனை அடிக்கும் எழுதியிருந்தார்கள். கடலை விடத் தருமம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

பின்பக்கம், இன்ஜின் மாட்டும் இடத்துக்குக் கீழே சுரண்டும்போது கையில் ஏதோ தட்டியது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு மாதிரி. தேய்ந்துபோன ஆங்கில எழுத்து நாலைந்து. அதற்குக் கீழே தெளிவாக ஓர் எண்: 217.

“ஏய் சலோமி! கெடச்சிருச்சுடி!” என்று அவன் போட்ட சத்தத்தில் நிழலில் கிடந்த நாய் எழுந்து ஓடியது.

குஞ்சிதபாதம் ஃபோனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தலையாட்டினார். “இதைத்தான்யா நான் மொதல்லேருந்து கேட்டேன். மாடல் எரநூத்திப் பதினேழு. நாளைக்குக் காலையில வா, பதிவு போட்டுத் தர்றேன்.”

ஜோசப் அன்றைக்கே டீசல் நிரப்பினான். ஐஸுக்குச் சொல்லி வைத்தான். உரித்த படகுக்குப் புது நீலம் அடிக்கவும் நேரமில்லாமல், நாலு நிறத்தில் கோமாளி மாதிரி நின்றது சகாய மாதா.

மறுநாள் காலை அவன் அலுவலகம் போகத் தேவைப்படவில்லை. குஞ்சிதபாதமே கடற்கரைக்கு வந்துவிட்டார். ஷூவோடு.

“யோவ் ஜோசப்பு! ஒரு படகை ஃபோட்டோ புடிச்சு ஊருக்கே குடுத்திருக்கியா?”

நடந்தது இதுதான். ஜோசப்புக்குக் கிடைத்த இடத்திலேயே நமக்கும் கிடைக்கும் என்று மற்றவர்களும் தங்கள் படகின் பின்பக்கத்தைச் சுரண்டியிருக்கிறார்கள். கிடைத்தும்விட்டது. ராத்திரியோடு ராத்திரியாகப் படத்தை அதிகாரிக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லாப் படத்திலும் அதே தகடு, அதே எண். 217.

அதிகாரி படகு படகாக நடந்தார். எல்லாவற்றிலும் 217. எல்லாவற்றிலும் இடது புறத்தில் அதே இட்லி. ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து அறிவித்தார்: “வெவகாரம் தெளியற வரைக்கும் ஒரு படகும் போகக் கூடாது.”

கரையே ஜோசப் பக்கம் திரும்பியது.

“ஒன் படகுக்குத்தான அப்பன் பேரு தெரியல? எங்க படகையும் ஏன்டா தெருவுல நிறுத்தினே?”

“நீங்கல்லாம் எதுக்குண்ணே சொரண்டினீங்க?”

“நீ சொரண்டினியே, அதான்!”

ஜோசப் கையிலிருந்த சுரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். சலோமி மட்டும் இடுப்பில் கைவைத்து நின்று, “ஒரே அச்சுல வார்த்த மாதிரில்ல இருக்கு எல்லாம். வார்த்தவன் யாருன்னு கேளுங்களேன்” என்றாள். அப்போதுதான் ஒருவருக்கு நாகூர் மீரான் ஞாபகம் வந்தது. சுனாமி சமயத்தில் ஃபைபர் பட்டறை வைத்திருந்தவர், இப்போது பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி விற்கிறார். ஆள் அனுப்பினார்கள்.

மீரான் பாய் வந்து, வரிசையாக நின்ற படகுகளைப் பார்த்ததும் கல்யாண வீட்டில் பேரன் பேத்திகளைப் பார்ப்பவர் மாதிரி பூரித்துப் போனார்.

“அல்லாவே! அத்தனையும் நம்ம சரக்கு! இன்னும் ஒண்ணு கூட விரியலையே!”

“இதுக்கு மாடல் என்ன?” என்றார் குஞ்சிதபாதம்.

“மாடலா? அப்ப ஆளாளுக்குப் படகு குடு, படகு குடுன்னு நிக்கிறாங்க சார். அச்சுக்கு எங்க போறது? கரையில ஒரு பழைய படகு கெடந்துச்சு. கவுத்துப் போட்டு, அது மேலயே அச்சு எடுத்துட்டேன். அப்புறம் தோசை வார்க்கிற மாதிரி வார்த்துக்கிட்டே இருந்தேன்.”

“அதுல இருந்த தகட்டைக் கழட்டிட்டு அச்சு எடுத்திருக்கலாமே பாய்?” என்றான் ஜோசப்.

“ஸ்க்ரூ டிரைவர் இல்ல.”

“இந்தப் பொடைப்பு?”

“அந்தப் படகு எதுலயோ மோதி ஓட்டையாயிருந்துச்சு. யாரோ ஒட்டுப் போட்டிருந்தான். அதுவும் சேந்து வந்துடுச்சு. நம்ம வேலையில எதுவும் விட்டுப் போகாது தம்பி.”

எப்போது வந்தாரோ, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சண்முகசுந்தரம் கையை உயர்த்தினார். “அப்படின்னா அந்த ஒட்டைப் போட்டவன் பிரெஞ்சுக்காரனா இருக்கணும்.”

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“அந்தப் பழைய படகு யாரோடது? இப்ப எங்க?” என்றார் குஞ்சிதபாதம், கடைசி நம்பிக்கையாக.

“யாரோடதோ. நான் அச்சு எடுத்து முடிச்சதும் ஒருத்தன் வந்து, ‘ஏன்யா என் படகைக் கவுத்து வச்சிருக்கே’ன்னு சண்டை போட்டான். குடுத்துட்டேன்.”

அதிகாரி அலுவலகத்துக்குப் போய் யோசித்தார். மறுநாளும் யோசித்தார். அதற்கடுத்த நாளும் அவர் யோசனையில் இருப்பதாகவே பியூன் சொல்லி அனுப்பினார். ஜோசப் வாசலில் போய் நின்றான், திரும்பினான், மறுபடி போய் நின்றான். ஐஸ் உருகி மூன்று முறை கொட்டினான். கடலில் ஒரு படகு இல்லை. மத்தி பாட்டுக்குக் கரையோரம் வந்து, வெயிலில் வெள்ளியாகத் துள்ளிவிட்டுப் போனதைக் கரையில் நின்றே எல்லோரும் பார்த்தார்கள். ஜோசப்பைத் திட்டிக்கொண்டே பார்த்தார்கள்.

பிறகு பாண்டிச்சேரியிலிருந்து குஞ்சிதபாதத்துக்கு ஃபோன் வந்தது. புது அறிவிப்புப்படி இது வரை எத்தனை படகு பதிவாகியிருக்கிறது, சாயங்காலத்துக்குள் சொல்லவும். ஒன்றுமில்லை என்று சொன்னால், இத்தனை நாள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர் என்ற அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்கும் அவரிடம் மாடல் கிடையாது. பெரிய பதிவேட்டை எடுத்து வைத்து, எல்லாப் படகையும் ஒரே மூச்சில் எழுதினார். செய்தவர், மாடல் என்ற இரண்டு கட்டங்களிலும் மேலிருந்து கீழ் வரை ‘மேற்படி’ என்று போட்டார்.

முதல் வரியில் இருந்தது ஜோசப்பின் படகு. அதற்கு எதிரேயும் ‘மேற்படி’தான். அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

“இது என்ன சார்?” என்றான் ஜோசப், நகலைக் கையில் வாங்கிக்கொண்டு.

“ஒனக்குப் படகு போகணுமா, விளக்கம் வேணுமா?”

படகு போக வேண்டும். ஜோசப் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். நாலாவது முறையாக ஐஸ் வாங்கினான். சலோமி படகின் முன்பக்கத்தில் சந்தனம் வைத்தாள், மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினாள். திட்டிக்கொண்டிருந்தவர்கள் கூட வந்து படகைத் தள்ளிவிட்டார்கள். விடியுமுன் இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. பதிவும் மாடலும் அரசு ஒப்புதலும் பெற்ற சகாய மாதா, நாலு நிறத்தோடு அலையைத் தாண்டிப் போனது.

பதிவுக்குக் காத்திராத மத்தி அதற்குள் கரையை விட்டுக் கிளம்பியிருந்தது. வலையில் ஒரு மீன் படவில்லை.