கப்பல்காரர் வீட்டு ஏணி

"பாத்து எறக்குப்பா... தல சாயுது, புடி, புடி!"

பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்த போர்க்லிப்ட், உலகநாதனின் உடலைப் பலகையோடு இறக்கிக்கொண்டிருந்தது. படகின் மேலிருந்து மகன் ஹேமநாதன் கயிற்றைத் தளர்த்த, கீழே அவருடைய தம்பி பக்தவத்சலம் இரண்டு கையையும் நீட்டி நின்றார். மகள் திவ்யா சுவரோரம் அம்மாவைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

நாற்பதடி மோட்டார் படகு. உள்ளே படுக்கை, சமையல் மேடை, இரண்டு இன்ஜின். நிலத்தை விற்றவர்கள் கார் வாங்குவார்கள், கல்யாண மண்டபம் கட்டுவார்கள். உலகநாதன் கடலில் ஓடுகிற படகை வாங்கி, கடலே இல்லாத திருமழிசையில் வீட்டையொட்டிய மனையில் இரும்புத் தாங்கிகள்மேல் நிறுத்தினார். இன்ஜினைச் சரிசெய்து எண்ணூரில் இறக்கி, கரையோரமாகவே ராமேஸ்வரம் வரை தானே ஓட்டிப்போக வேண்டும். அதற்கு லைசென்ஸ்கூட வாங்கிவிட்டார். 'கப்பல்காரர்' என்று தெருவே சிரித்ததில் அவருக்குப் பெருமைதான். நடுவில் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்.

அதனால்தான் இன்று காலை ஐந்தரைக்குத் திவ்யா ஏணியைச் சத்தமில்லாமல் தூக்கிப்போய்க் கொல்லையில், குளியலறைக்குப் பின்னால் சாய்த்தாள். அப்பாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்துவிட்டாள். அவரோ ஐந்து மணிக்கே படகில் ஏறியிருந்தார். போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. எட்டு மணிக்கு அம்மா காபியோடு தேடினாள். ஹேமநாதன் மதில்மேல் ஏறிப் படகுக்குள் தாவிப் பார்த்தபோது, ஏணி சாய்க்கிற இடத்தில் கம்பியைப் பிடித்தபடி அவர் கிடந்தார்.

ஏணியை எடுத்தது யாரென்று திவ்யா இதுவரை சொல்லவில்லை.

"ஆறரை மணிக்கு டம்முடம்முன்னு தட்ற சத்தம் கேட்டுச்சும்மா," என்றாள் எதிர்வீட்டுப் புஷ்பா, மூக்கைச் சிந்தியபடி. "எப்பவும்போல ரிப்பேர் பண்ணிகினு கீறாருன்னு நெனச்சுட்டேன்."

திவ்யாவும் அதைக் கேட்டிருந்தாள். பல் விளக்கிக்கொண்டே கேட்டிருந்தாள்.

மதியத்துக்குள் பாடை கட்டியாகிவிட்டது. ஹேமநாதன் குளித்து ஈரவேட்டியோடு கொள்ளிச்சட்டியைக் கையில் எடுத்தான். அப்போதுதான் கொல்லையிலிருந்து பக்தவத்சலம் வந்தார்.

"ஏணி பின்னால கீது. எவன்டா தூக்கினு போய் வெச்சது?"

மேளம் நின்றது.

"எனக்குத் தெரியாது சித்தப்பா."

"தெரியாதா? 'கப்பல விக்கலேன்னா ஏணிய ஒடச்சுப் போட்டுடுவேன்'னு போன வாரம் என் எதிர்லதானே கத்துன? மனுசன் எறங்க வழியில்லாம தட்டித் தட்டிச் செத்துகீறாரு. நீ கொள்ளி வெக்காதே. நான் வெக்கிறேன். குடு."

"கோவத்துல சொன்னேன் சித்தப்பா..."

சட்டியை அவர் பிடுங்கிக்கொண்டார். ஹேமநாதன் சுற்றிலும் பார்த்தான். சொந்தக்காரர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பெற்ற தகப்பனுக்குக் கொள்ளி வைக்காதவன் என்ற பேச்சு இனி அவன் சாகும்வரை போகாது. திவ்யா உண்மையைச் சொன்னால் அந்தப் பேச்சு அவள் பக்கம் திரும்பும். அவளுக்குப் பயமாக இருந்தது.

அம்மாவின் கை அவள் மணிக்கட்டை இறுக்கியது.

"வாயத் தொறக்காத," என்றாள் முத்தம்மாள், காதோரம்.

அம்மா காலையில் பார்த்திருக்கிறாள்!

திவ்யா கையை உதறினாள். "நான்தான் எடுத்தேன் சித்தப்பா. அப்பா ஏறக்கூடாதுன்னு எடுத்து வெச்சேன். மேல கீறாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

பக்தவத்சலம் அவளையே பார்த்தார். உதடு கோணி, ஏதோ பெரிதாகச் சொல்லப்போனார்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்," என்றாள் முத்தம்மாள், தெருவுக்கே கேட்கும்படி. "கேக்கறதா இருந்தா என்னைக் கேளு."

அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. பக்தவத்சலம் சட்டியை ஹேமநாதனிடம் திருப்பிக் கொடுத்தார். அவன் தங்கையைப் பார்க்காமல் முன்னால் நடந்தான். மேளம் மறுபடி தொடங்கியது.

பாடை தெரு முனையைத் தாண்டியதும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். வேண்டாமென்று எல்லோரும் தடுத்தும் முத்தம்மாள் குடத்தை விடவில்லை. அவள் ஊற்ற ஊற்ற, திவ்யா துடைப்பத்தால் தண்ணீரை வாசலுக்குத் தள்ளினாள். குடம் காலியானதும், முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி, அம்மா அதை அவளிடம் நீட்டினாள்.

திவ்யா வாங்கிப்போய் நிரப்பிக்கொண்டு வந்தாள்.