துப்ப வேண்டாத கோப்பை

அந்தப் பெரிய ஓட்டலில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கர் என்றால்தான் தெரியும். ஒயின் பரிமாறுவது அவர் வேலை. கிளாஸுக்குள் மூக்கை விடுவார், ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்க உருட்டுவார், பக்கத்திலிருக்கும் பித்தளைக் கிண்ணத்தில் துப்பிவிட்டு, இது மீனுக்கு, அது இறைச்சிக்கு என்று தீர்ப்புச் சொல்வார். துப்பாமல் நாள் முழுக்க ருசி பார்த்தால் பொழுது சாய்வதற்குள் அவரையே நாலு பேர் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஆனால் வேலை முடிந்த பிறகு துப்பாமல் குடித்ததும் நிறையவே உண்டு. அதையெல்லாம் அவர் மறந்தாலும் கல்லீரல் மறக்கவில்லை.

"இனிமே ஒரு சொட்டுகூடக் கூடாது. வாயில வெச்சுத் துப்புறதும் கூடாது" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து மூக்கருக்கு எல்லாமே சப்பென்று போய்விட்டது. போன வாரம் மச்சான் வீட்டு விருந்தில் எல்லோர் கையிலும் நீளக் காம்பு வைத்த கிளாஸ். இவருக்கு மட்டும் பச்சை நிறத்தில் ஒரு சர்க்கரைத் தண்ணீர். அதில் ஒரு ஸ்ட்ரா, அதன் தலையில் குட்டியாக ஒரு காகிதக் குடை. மச்சானின் பேத்திக்கும் அதே தண்ணீர்தான். அவளுடைய குடை கொஞ்சம் பெரியது. குடிப்பதை விட்டவனுக்கு நாக்கும் போய்விட்டது என்று இவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்களே என்று அவருக்கு வயிறெரிந்தது. ஒருவேளை போயேதான் விட்டதோ என்ற பயமும் கூடவே இருந்தது. அந்தப் பயத்தோடுதான் இன்று வேலையை விட்டு நிற்பதாகச் சொல்ல வந்திருந்தார். தக்கை பிடுங்கும் திருகாணி சட்டைப் பையில் கனத்தது. முதலாளியிடம் அதைக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

மனைவியும் வந்திருந்தாள். பாட்டில்கள் இருக்கும் இடத்துக்கு அவரைத் தனியே அனுப்ப அவள் என்ன பைத்தியமா? பின்வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள்.

முதலாளியின் அறைக்குப் போக அடுப்படியைத் தாண்ட வேண்டும். அங்கே செஃப்பம்மா வழிமறித்தாள். அந்த அடுப்படிக்கு அவள்தான் தலைவி. மூன்று பேர் செய்யும் வேலையைத் தனியாளாகச் செய்துவிட்டு மூன்று பேருக்கும் சேர்த்துத் திட்டுபவள்.

"அண்ணா, போறதுக்கு முன்னாடி இதக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு பாட்டிலைக் காட்டினாள்.

"வேணாம்மா. டாக்டர் சத்தியம் வாங்கியிருக்காரு."

"இதுல துளிகூடப் போதை கிடையாது. என் அடுப்பு மேல சத்தியம்."

"ஓ, ஜூஸா? குடை எங்கம்மா?"

அவள் சிரிக்கவில்லை. வயிறு அகன்ற கிளாஸை எடுத்து, அந்தப் பானத்திலேயே கொஞ்சம் விட்டு அலசிக் கொட்டினாள். பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு ஊற்றி நிறுத்தினாள். அப்படி அலசி ஊற்றுவது மூக்கரின் பழக்கம். அதைப் பார்த்த பிறகு அவரால் கிண்டல் செய்ய முடியவில்லை.

கருஞ்சிவப்பு நிறம். வேண்டா வெறுப்பாகத்தான் மூக்கை விட்டார். ஈரமான மரக்கட்டை வாசனை வந்தது. அதன் பின்னால் பேரிக்காய்த் தோல். மூக்கை எடுத்துவிட்டு மறுபடி விட்டார். இப்போது மிளகு! முதலில் அது எங்கே ஒளிந்திருந்தது?

ஒரு வாய் எடுத்தார். புளிப்பு நாக்கின் ஓரங்களைச் சுண்டி இழுத்தது. அது அடங்குவதற்குள் துவர்ப்பு வந்து ஈறுகளை மெல்லப் பிடித்தது. அந்தத் துவர்ப்புக்காகத்தான் இத்தனை நாளும் ஏங்கிக் கிடந்தார். உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாக்கு போகவில்லை, போகவே இல்லை! அந்தச் சந்தோஷத்திலேயே திரும்பி, மேசையருகே தரையில் இருந்த பித்தளைக் கிண்ணத்தில் கச்சிதமாகத் துப்பினார்.

செஃப்பம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "நல்லா இல்லையாண்ணா?"

"பிரமாதம்மா!"

"அப்புறம் ஏன் துப்பினீங்க?"

மூக்கர் கிண்ணத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

அடுத்த வாயை விழுங்கினார். தொண்டையில் இறங்கிய ருசி திரும்பி மூக்குக்கு ஏறி வந்து நின்றது. போய்விடும் என்று காத்திருந்தார், போகவில்லை. ஒயினில் இந்த இடத்துக்கு வருவதற்குள் தலை கிறங்கத் தொடங்கிவிடும், பாதி ருசி புகையாகிவிடும். இப்போது தலை தெளிவாக இருந்தது. ஒரு ருசி பிறந்து, வளர்ந்து, மெல்ல அடங்குவதை முதல்முறையாக முழுசாகப் பார்த்தார்.

"எதுலம்மா செஞ்ச?" என்று கடைசியில் கேட்டார்.

"பழுக்காத திராட்சைச் சாறு, சுட்ட பீட்ரூட், பேரிக்காய்த் தோலு, பச்சைத் தண்ணியில ஊற வெச்ச தேயிலை, மிளகு. முதல்ல செஞ்சதெல்லாம் சாக்கடைக்குத்தான் போச்சு. இன்னும் நாலு வகை வெச்சிருக்கேன். எது எந்தச் சாப்பாட்டுக்குப் பொருந்தும்னு சொல்ல ஒரு மூக்கு வேணும்ணா. முதலாளிகிட்ட பேசிட்டேன்."

சட்டைப் பைக்குப் போன கை திருகாணியை எடுக்காமலே திரும்பியது. வேலை பிழைத்தது. ஆனால் அந்த நேரத்தில் அவர் நினைத்தது வேலையை அல்ல. பின்வாசலுக்கு ஓடினார்.

அவர் மனைவிக்கு ஒயின் ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரு வாய் குடித்துப் பார்த்து, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்துப் படுத்துவிட்டாள். அதன் பிறகு, வேலை முடிந்து வந்ததும் அன்றைக்குப் பார்த்த ருசியை எல்லாம் அவர் சொல்லச் சொல்ல அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த ஒயின்.

"கொஞ்சம் உள்ள வா. ஒண்ணு குடிச்சுப் பாரு."

"நானா? எனக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"இது ஆகும். வா."

கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். புதுக் கிளாஸை அலசி அவரே ஊற்றினார். அவள் கிளாஸை வாங்கிக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தாள்.

"எங்க துப்பணும்?"

மூக்கர் பித்தளைக் கிண்ணத்தைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார். "முழுங்கு."

விழுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஏதோ வாசலில் கூப்பிட்ட குரலைக் கேட்பவள் போலத் தலையைச் சாய்த்து அப்படியே நின்றாள்.

"ஏங்க... ஈரக் கட்டை, பேரிக்காய்த் தோலு, மிளகுன்னு தினமும் வந்து சொல்லுவீங்களே..."

"ஆமா."

"போதையில உளர்றீங்கன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"

அவள் கண் கலங்கியிருந்தது. காலிக் கிளாஸை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. அந்த மிளகு எங்க வருதுன்னு பாக்கணும்."