என் புருவமும் டோக்கன் மெஷினும்

என் கணவர் ஒன்றரை நிமிடத்தில் டோக்கன் எடுத்துவிட்டார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

எடுத்தது எங்கள் சாப்பாட்டு மேஜையில், என் டேப்லெட்டில். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் நிற்கப்போகும் டோக்கன் மெஷினுக்குத் திரை வடிவமைத்தவள் நான். பெயர், வயது, தொந்தரவு மூன்றையும் தட்டினால் எந்த டாக்டர், வரிசையில் எத்தனையாவது என்று சீட்டு வரும். திங்கட்கிழமை திறப்பு. பதினொரு வருஷ அனுபவம் எனக்கு. என் திரையில் யாராவது தடுமாறினால் குறை அவர்கள் விரலில்தான் என்று நினைக்கும் அளவுக்குத் திமிரும் உண்டு.

அந்தத் திமிரோடுதான் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தேன். படிப்பின் பெயர் மனித-கணினி ஊடாட்டம். கணவருக்கு விளக்கிச் சொன்னபோது, "கம்ப்யூட்டரோட மனுஷங்க பழகுறதுக்கு ஒரு படிப்பா? மனுஷங்களோட மனுஷங்க பழகுறதுக்கு ஏதாவது இருந்தா சொல்லு, எங்க ஆபீஸையே சேர்த்துவிடறேன்" என்றார்.

காலை ஆறு மணிக்கு இணையத்தில் வகுப்பு. திரையில் ஒரு கட்டத்தில் யூனிஃபார்மோடு நர்ஸ் அக்கா, இன்னொன்றில் முகத்தில் ஷேவிங் நுரையோடு வங்கிக்காரர். ஏழரைக்கு எல்லோரும் வேலைக்கு ஓட வேண்டும்.

அந்த வாரப் பயிற்சி இதுதான்: நீங்கள் செய்த ஒன்றை ஐந்து பேரிடம் கொடுங்கள். உதவாதீர்கள், பேசாதீர்கள், வீடியோ மட்டும் எடுங்கள். "உங்க நாலு வயசுப் பொண்ணுக்குக் காய்ச்சல், டோக்கன் எடுங்க" என்று ஐந்து பேரிடமும் சொல்லிவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். கணவர், நாத்தனார், எதிர்வீட்டுத் தையல்காரர், ஆபீஸ் தோழிகள் இருவர். ஐந்து பேரும் பாஸ். வியாழக்கிழமை வகுப்பில் வீடியோவைப் போட்டுவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

நர்ஸ் அக்கா மட்டும் சிரித்தார். "ஏம்மா, வாயைக் கட்டிட்ட, சரி. புருவத்தை யாரு கட்டுறது?"

மறுபடி ஓடவிட்டார்கள். கணவர் விரல், 'பெயர்' என்ற கட்டத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைத் தட்டுகிறது. என் புருவம் உச்சந்தலைக்கு ஏறுகிறது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார், அதை அழிக்கிறார், மகள் பெயரைத் தட்டுகிறார். என் புருவம் இறங்குகிறது. நாத்தனாருக்கும் அதேதான், தையல்காரருக்கும் அதேதான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

"என் மூஞ்சியைப் பார்த்துத்தானா டோக்கன் எடுத்தீங்க?" என்று கணவரைப் பிடித்து உலுக்கினேன்.

"பின்ன? பத்து வருஷமா இந்த வீட்ல எல்லா முடிவும் அப்படித்தானே எடுக்கறேன்" என்றார்.

சனிக்கிழமை காலை வேறு ஐந்து பேரைப் பிடித்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஐந்தில் நான்கு பேர் குழந்தையின் பெயருக்கும் வயதுக்கும் பதில் தங்களுடையதைத் தட்டியிருந்தார்கள். யாரும் தடுமாறவில்லை. எல்லோரும் "எடுத்துட்டேன்!" என்று சந்தோஷமாகத்தான் சொன்னார்கள். தப்பு நடந்ததே ஒருவருக்கும் தெரியவில்லை. காய்ச்சலில் துவளும் குழந்தையைக் குழந்தை டாக்டரிடம் அனுப்பத்தான் வயதே கேட்கிறோம். அங்கே அப்பாவின் வயது போனால், குழந்தை பெரியவர்கள் வரிசையின் கடைசியில் கிடக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் மேனேஜர் மெஷினுக்கு ரிப்பன் அளந்துகொண்டிருந்தார்.

"திறப்பைத் தள்ளிப் போடணும் சார்."

"விளையாடறீங்களா? அழைப்பிதழ் எல்லாம் போயாச்சு. நானே பத்து தடவை டோக்கன் எடுத்துப் பார்த்தேனே, நீங்களும் கூடத்தானே இருந்தீங்க!"

"அதான் சார் தப்பு. இப்ப நான் திரும்பிக்கறேன். உங்க பொண்ணுக்கு நாலு வயசு, நல்ல காய்ச்சல். ஒரு டோக்கன் எடுங்க."

புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் விரல் தட்டும் சத்தம். என் புருவம் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை. சீட்டு கிழியும் சத்தம் கேட்டது.

"அம்பது செகண்ட்!" என்றார் மேனேஜர், பரிசு வாங்கிய குரலில்.

"படிங்க சார்."

சத்தமாக ஆரம்பித்தார். அவர் பெயர். "வயது ஐம்பத்திரண்டு. பொது மருத்துவம். வரிசை எண் நாற்பத்தொன்று..." குரல் இறங்கிப் போய் நின்றது. மெஷினில் சோதனைக்காக நிரப்பி வைத்திருந்த வரிசைதான். ஆனாலும் கேட்டார். "குழந்தைங்க பிரிவுல?"

"மூணாவதா போயிருப்பா சார்."

மேனேஜர் அல்லவா, ஒரு வழியும் கண்டுபிடித்தார். "திங்கட்கிழமை நீங்க மெஷின் பக்கத்துலயே நின்னுக்கிட்டா சரியாயிடாதா?"

"சரியாயிடும் சார். ஆனா செவ்வாய்க்கிழமையும் நிக்கணும். புதன்கிழமையும் நிக்கணும்."

"எத்தனை நாள் வேணும்?"

"நாலு நாள். முதல் கேள்வியையே மாத்தறேன். டாக்டரைப் பார்க்கப்போறது யாருன்னு கேட்கும். அப்புறம் இன்னும் அஞ்சு பேரை வெச்சுப் பார்க்கணும்."

போனை எடுத்துத் திறப்பு வெள்ளிக்கிழமை என்று யாரிடமோ சொன்னார். பிறகு ரிப்பனைச் சுருட்டிக்கொண்டே என்னைக் கேட்டார்.

"அந்த அஞ்சு பேரு எடுக்கும்போது நீங்க எங்க இருப்பீங்க?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் சார்."