‘அது’ என்று தொடங்கும் சொற்கள்

பக்கவாதம் வந்தபோது அண்ணனின் கையும் காலும் எப்படியோ தப்பித்துக்கொண்டன. பேச்சு மட்டும் மாட்டிக்கொண்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக். உச்சி மாடியின் மோட்டார் அறையிலிருந்து கீழே நிற்பவனுக்குக் கேட்கும்படி கத்திக் கத்திப் பழகிய தொண்டை. இப்போது அதிலிருந்து வந்ததெல்லாம் ஒரே சொல்தான்: ‘அது’. தண்ணீரும் அது, செருப்பும் அது, அண்ணியும் அது.

“முதல் தடவை என்னைப் பார்த்து ‘அது’ன்னப்போ சிரிச்சுட்டேன்,” என்றாள் அண்ணி, அண்ணனின் தங்கையிடம். “இப்ப சிரிப்பு வரமாட்டேங்குது.”

வாரந்தோறும் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி. பயிற்சி கொடுக்கும் பெண் சாவி, குடை, கடிகாரம் என்று ஒவ்வொரு பட அட்டையாகக் காட்டுவார். “அது என்ன சார்?” என்று கேட்பார். அண்ணன் முகத்தைச் சுளித்து, உதட்டைக் கூட்டி, கடைசியில் “அது...” என்பார். பேசியதைப் பதிவு செய்து, அப்படியே தட்டச்சு செய்து, வீட்டாருக்கும் அனுப்பிவைப்பது அந்தப் பெண்ணின் வழக்கம்.

ஒருநாள் அண்ணன் மேசையிலிருந்த அட்டைகளை ஒரே வீச்சில் தரையில் தள்ளிவிட்டார். யாரிடமும் குரல் உயர்த்தாத அண்ணி வெளியே வந்ததும் சொல்லிவிட்டாள்:

“போதும். அவரைச் சின்னப் பிள்ளை மாதிரி உக்கார வெச்சு அவமானப்படுத்துறது போதும். அடுத்த தடவை போயி, இனிமே வரமாட்டோம்னு சொல்லிட்டு வந்துடலாம்.”

தங்கைக்கு மனசு கேட்கவில்லை. சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எங்காவது கோளாறு என்றால், மலைபோல் குவிந்திருக்கும் பதிவுக் கோப்புகளில் குறிப்பிட்ட சொல் எந்த வரியில் வருகிறது, எத்தனை தடவை வருகிறது என்று தேட கணினிக்கான சில வரிக் கட்டளையாக ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுவாள். கண்ணால் படித்தால் ஆயுசுக்கும் தீராத கோப்பைக் கணினி கண்மூடித் திறப்பதற்குள் சலித்துக் கொடுத்துவிடும்.

பயிற்சிக் கோப்புகளும் வெறும் எழுத்துதானே? மாதாமாதம் ‘அது’ குறைந்துகொண்டே வருகிறது என்று காட்டிவிட்டால் அண்ணி மனம் மாறமாட்டாளா?

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து எழுதினாள். முதலில் வந்த எண்ணிக்கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பயிற்சியாளர் கேட்ட ‘அது என்ன சார்’ எல்லாம் அண்ணன் கணக்கில் ஏறியிருந்தது. அண்ணன் பேச்சைக் குறிக்கும் ‘அவர்:’ என்று தொடங்கும் வரிகளை மட்டும் எடு என்று திருத்தி மறுபடி ஓட்டினாள்.

இப்போது வந்தது சரியான கணக்கு. அதுதான் கொடுமை. மாதத்துக்கு மாதம் ‘அது’ கூடிக்கொண்டே போயிருந்தது.

இதையா அண்ணியிடம் காட்டுவது? எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கணக்கை அழிக்கப் போன விரல் தயங்கியது. வேலையில் எண்ணிக்கை கோணலாக வந்தால் அவள் அதை நம்பமாட்டாள். எண்ணிய வரிகளையே வரவழைத்துப் பார்ப்பாள். எண்ணாதே, வரிகளைக் காட்டு என்று ஸ்கிரிப்டை மாற்றினாள்.

ஆரம்பகால வரிகள் திரையில் ஓடின. ‘அது.’ ‘அது, அது.’ ‘அது.’

கீழே போகப்போக வரிகள் நீண்டன. ‘அதுல.’ ‘அதுமேல வை.’ ‘அதுக்குள்ள போடு.’ ‘அதுலேருந்து எடு.’

பேர்தான் வரவில்லை, பேச்சு வந்துகொண்டிருந்தது. ‘அது’ என்ற எழுத்துகள் எங்கே வந்தாலும் பிடி என்று அவள் சொல்லியிருந்தாள். ‘அதுல’வையும் ‘அதுக்குள்ள’வையும் சேர்த்துப் பிடித்துக் கொடுத்துவிட்டது அந்த அசட்டுக் கணினி. தனியாக நிற்கும் ‘அது’வை மட்டும் எண்ணச் சொன்னாள். சரசரவென்று இறங்கியது. ஒட்டு சேர்ந்தவற்றை மட்டும் எண்ணச் சொன்னாள். முதலில் ஒன்றுகூட இல்லை, பிறகு துளித்துளியாக, கடைசிக் கோப்புகளில் பக்கத்துக்குப் பக்கம்.

கண்ணைத் துடைப்பதைப் பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துவிட்டார். “என்ன, சர்வர் படுத்துடுச்சா?”

“இல்ல சார். எந்திரிச்சிடுச்சு.”

சாயங்காலம் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தங்கை மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

“இந்த எண்ணிக்கையெல்லாம் எனக்கு வேணாம்மா. அவர் சொன்னதைப் படி.”

படித்தாள். மடித்த சட்டை அண்ணியின் மடியிலேயே கிடந்தது.

“நேத்து வாஷிங் மெஷினைக் காட்டி ‘அதுக்குள்ள போடு’ன்னாரு,” என்றாள் மெதுவாக. “எனக்கு ‘அது’ மட்டும்தான்டி காதுல விழுந்துச்சு.”

அந்த வாரம் மருத்துவமனையில் பயிற்சியாளர் அந்த வரிகளை இரண்டு தடவை படித்தார். “நான் பேர் சொல்றாரான்னே பார்த்துட்டு இருந்தேன். சொல்லலைன்னா அடுத்த அட்டை. இவர் வேற வழியா வந்துட்டு இருக்காரு,” என்றவர், அட்டைகளை அள்ளி அலமாரியில் வைத்துப் பூட்டினார். “கழட்டி மாட்டுற மாதிரி ஏதாவது கொண்டு வாங்க. சார் சொல்லட்டும், நீங்க செய்யுங்க.”

அடுத்த வாரம் தங்கை ஒரு பழைய மேசை விளக்கைப் பிரித்து எடுத்துப் போனாள். அண்ணனுக்கு அதைப் பார்த்ததுமே முதுகு நிமிர்ந்தது.

“அதுமேல வை. ம்... திருப்பு. திருப்பு!”

வேண்டுமென்றே தப்பாகத் திருப்பினாள்.

“ஏய்! அது... அதுக்குள்ள விடு.”

“எதை விடணும்? நீ சொன்னாத்தானே தெரியும்.”

அண்ணன் பல்லைக் கடித்தார். கை தானாக நீண்டது; பயிற்சியாளர் மெல்லத் தடுத்தார்.

“ஒ... ஒயரு! ஒயர விடுடி வாயாடி!”

பயிற்சியாளர் எழுதுவதை மறந்துவிட்டார். அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அண்ணன் தன் வாயிலிருந்து விழுந்ததைத் தானே நம்பாதவர் போல “ஒயரு, ஒயரு” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்துவிடவில்லை. சில நாள் பத்துச் சொல் வரும். சில நாள் ஒன்றும் வராது, ஒருவரிடமும் முகம் கொடுக்கமாட்டார். ஆனால் பயிற்சியை நிறுத்தும் பேச்சை அண்ணி எடுக்கவே இல்லை. தங்கையும் சில மாதம் வாராவாரம் ஸ்கிரிப்டை ஓட்டினாள். பிறகு மறந்துபோனாள்.

ஒருநாள் காலை அலுவலகத்தில் அவள் கைப்பேசி அடித்தது. அண்ணன் எண். அவர் தானாக யாரையும் அழைத்து வெகுநாளாயிற்று.

“என்ன அண்ணா? என்னாச்சு?”

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. சொல்லை எடுத்துக் கொடுக்க நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“நாளைக்கு... அண்ணிக்கு... பொறந்தநாள்.”

“ஆமா!”

“புடவை. வாங்கணும். நீ... கூட வா.” குரல் சட்டென்று கிசுகிசுப்பானது. “அவகிட்ட சொல்லிடாத.”