துரை சுடச் சொன்ன நாய்

காட்டுப்பன்றி குத்தியதில் முன்னங்கால் முறிந்த நாயைச் சாக்கில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். அது தோட்டத்தை நடத்திய துரையின் வேட்டைநாய். பெயர் மேஜர். இலங்கை மலையகத்தில் இறம்பொடைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் அது 'மேசரு'.

"இனி ஓடாது. சுட்டுப் புதைச்சிடு" என்று காவல்காரர் இராமையாவிடம் சொல்லிவிட்டுத் துரை பங்களாவுக்குள் போய்விட்டார்.

மாட்டுப்பட்டியில் பால் கறந்துகொண்டிருந்த பெற்றீசியா எழுந்து வந்தாள். முப்பது வயது. அப்பா இறந்தபின் துரையின் மாடுகளை அவள்தான் பார்த்துக்கொண்டாள். வயிற்றில் கன்று திரும்பிக் கிடந்தால் கைவிட்டு நேராக்கி எடுப்பாள்.

"குடுங்கண்ணே, நான் கட்டிப் பாக்குறேன்."

"துரைக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும் புள்ள."

"பெற்றீசியா பறிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க."

மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, தொழிலாளர் குடியிருந்த லயத்தில், தன் ஒற்றை அறைக் காம்பராவிலேயே ஏழு வாரம் வைத்திருந்தாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வந்து கத்தினார். "லயத்துல நாய் வளக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"இது துரை நாய்ங்க. வேணும்னா துரையே வந்து கேக்கட்டும்."

துரை வந்தார். நாய் நொண்டுவதைப் பார்த்தார். இனி அது தனக்கு வேண்டாமென்று திரும்பிவிட்டார்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழியில் மழை விடாமல் அடித்தது. ஒருநாள் காலை, ஆட்கள் அன்றைய வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது மலை சரிந்து கீழ் லயத்தின் கடைசி இரண்டு காம்பராக்களை மூடியது. உள்ளே காய்ச்சலோடு படுத்திருந்த சிவசாமி, பிள்ளை பெற்றுப் பதினாறு நாளான அழகம்மா, அவள் குழந்தை.

காம்பரா இருந்த இடத்தில் தோண்டச் சொன்னார் கண்டாக்கு. மேசரு அங்கே நிற்கவில்லை. மூக்கைச் சேற்றோடு சேர்த்தபடி நொண்டிக்கொண்டே இறங்கி, ஓடைக்கரையில் தகரம் துருத்திக்கொண்டிருந்த இடத்தைப் பிறாண்டிக் குரைத்தது.

"மண்ணு வீட்டையே கீழ தள்ளியிருக்குங்க. இங்க தோண்டணும்" என்றாள் பெற்றீசியா.

"நாய் பேச்சக் கேட்டுப் போறவங்களுக்கு இன்னிக்குப் பேரு போட மாட்டேன், சம்பளமும் கெடையாது!"

"போடாதீங்க."

அவள் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அழகம்மாவின் புருஷன் செல்லசாமி அவளுக்குப் பின்னால் ஓடினான். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் இறங்கினார்கள். கண்டாக்கும் அவருடைய குடையும் மட்டும் மேலே நின்றன.

தகரத்துக்கு அடியில் அழகம்மா முழங்கையை ஊன்றிக் குழந்தைமேல் கவிழ்ந்து கிடந்தாள். இரண்டு பேருக்கும் உயிர் இருந்தது. இன்னும் பத்தடி தள்ளி மேசரு மறுபடி பிறாண்டியது. அங்கே சிவசாமி. அவனுக்கு மூச்சில்லை. நாய் அந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தது.

அதன்பிறகு பெற்றீசியா அதைப் பழக்கினாள். யாருடைய பழைய கம்பளியையாவது மண்ணில் புதைத்து, தேடச் சொல்லி, கண்டுபிடித்தால் ஒரு துண்டு ரொட்டி கொடுப்பாள். எங்கே மண் சரிந்தாலும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

ஒருநாள் துரையின் பசுவைப் பார்க்க நுவரெலியாவிலிருந்து வந்த மாட்டு டாக்டர் மேசரின் காலைத் தடவிப் பார்த்தார். "யார் கட்டியது?"

"நான்தாங்க."

அவரே கால்நடை உதவியாளர் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினார். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. பிரஜாவுரிமைச் சான்றிதழ் இல்லாதவர்களைச் சேர்க்க முடியாது. தோட்டத் தமிழர் பலரைப் போல அவளிடமும் அது இல்லை. டாக்டர் அதைப் படித்துக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பெற்றீசியா அழவில்லை. "கன்னு மாட்டிக்கிட்ட பசு என்கிட்ட காயிதம் கேக்காதுங்க ஐயா. நீங்க ஊசி போடச் சொல்லிக் குடுங்க. நான் செய்யிறத யாரு தடுக்குறாங்கன்னு பாப்போம்."

அவர் சொல்லிக்கொடுத்தார். கீழே சிங்களக் கிராமங்களிலிருந்தும் எருமைகளை ஓட்டிக்கொண்டு அவளிடம் வந்தார்கள்.

அறுபத்துமூன்றில் கொத்மலைப் பக்கம் பாதை வேலைக்காரர் இருவர்மேல் மண் விழுந்தது. மேசருக்கு அப்போது முகம் நரைத்திருந்தது. பொலிஸ் லொறியில் பெற்றீசியாவையும் அதையும் கூட்டிப்போனார்கள். நண்பகலுக்குள் மேசரு மண்ணுக்குள் கிடந்த இரண்டு பேரையும் காட்டிக்கொடுத்தது. ஒருவர் பிழைத்தார்.

பொலிஸ்காரர் புத்தகத்தில் அவள் பெயரை எழுதினார். தொழில் என்ற இடத்தில், கேட்காமலே, தோட்டக் கூலி என்று எழுதப் போனார்.

"அப்படி எழுதாதீங்க" என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். "மிருக வைத்தியர்னு எழுதுங்க."

அவர் சிரித்தார். "யார் உன்னை வைத்தியராக்கியது?"

அவள் வாய் திறப்பதற்குள், பிழைத்தவரின் அண்ணன் சேற்றுக்கையோடு முன்னால் வந்தார். "எழுதுங்க மாத்தயா. எங்க ஊர் எருமைங்கள இவங்கதான் காப்பாத்துனாங்க. இன்னிக்கு என் தம்பிய இவங்க நாய் காப்பாத்திச்சு."

சுற்றி நின்றவர்கள் யாரும் நகரவில்லை. பொலிஸ்காரர் பேனாவை உதறிவிட்டு எழுதினார்.

"வாசிச்சுக் காட்டுங்க" என்றாள் பெற்றீசியா.

அவர் வாசித்தார். அவள் தலையாட்டிவிட்டு, களைத்துப்போன மேசரை இரண்டு கைகளாலும் தூக்கி லொறியில் ஏற்றினாள்.