பொத்தானின் முதுகு

ஒன்பது வருடமாக இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வயல்களில் உலோகம் தேடும் கருவியோடு அலைந்தும், நோரிஸ் பெல், மாதத்தின் சிறந்த கண்டெடுப்புக்குத் தேடுவோர் சங்கம் தரும் கோப்பையை ஒருமுறைகூட வாங்கியதில்லை. இந்த மாதம் கிடைத்துவிடும் என்று நம்பினான். வயலில் தான் எடுத்த பித்தளைப் பொத்தான் பட்டாள அதிகாரியுடையது என்று, சங்கத்தில் பொத்தான் பார்த்துச் சொல்லும் பெரில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சங்கத்து மேசையில் அதை வைத்ததுமே சிரிப்பு எழுந்தது. மண்ணிலிருந்து எடுத்த கையோடு, ஆசை தாங்காமல் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து அதன் முகத்தை மொட்டையாக்கியிருந்தான்; விரலில் பித்தளைக் களிம்பு இன்னும் பச்சையாக ஒட்டியிருந்தது. பொன்முலாம் மண்ணோடு போய்விட்டது.

"என்ன நோரிஸு, இதை வச்சுப் பாத்திரம் தேச்சியா?" என்றான் ஹ்யூ. அவன் கொண்டுவந்த ரோமானிய வெள்ளிக்காசு பக்கத்திலேயே மினுங்கியது.

பெரில் முப்பது வருடம் சலவைக்கடையில் கோட்டுகளுக்குப் பொத்தான் தைத்தவள். முகத்தைப் பார்க்காமலே திருப்பினாள். முதுகில் மண் அப்படியே இருந்தது. ஈரமான பல்குச்சியால் மண்ணைக் கிளறி, அதைச் செய்த கடையின் பெயரை எழுத்தெழுத்தாக வெளியே எடுத்தாள்.

"லண்டன் கடை. இந்தத் தெருவுல அவங்க இருந்ததே அஞ்சு வருஷந்தான். ஆயிரத்து எண்ணூத்தி முப்பதுகள்ல."

பிறகு டார்ச்சைப் படுக்கவைத்து விளிம்பிலிருந்து ஒளியை ஓட்டினாள். மொட்டை முகத்தில் நிழல் எழும்பியது. மோதிரத்தைக் கவ்விய நாரை! நோரிஸ் மேசைமேல் குனிந்தான்.

"அதிகாரிதானே?"

"இல்லப்பா. இது குடும்பச் சின்னம். பெரிய வீட்டு வேலைக்காரன் கோட்டு."

"போச்சு."

"இரு, அவசரக்குடுக்கை. முதுகுல நூல் கோக்கிற இந்த வளையத்தைப் பாரு, ஒரு பக்கம் மட்டும் மெலிஞ்சிருக்கு. நூல் பித்தளையையே தின்னிருக்கு. எத்தனை வருஷம் தினமும் போட்டுக் கழட்டியிருப்பான் அந்த மனுஷன்!"

யாரும் சிரிக்கவில்லை. ஹ்யூகூடத் தன் காசை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். எல்லாரும் கையிலெடுத்துப் பார்த்த அதே பித்தளைத் துண்டுதான். இவள் கண்ணுக்கு மட்டும் எப்படி ஓர் ஆள் நடந்து வந்தான் என்று நோரிஸ் வியந்தான்.

சீட்டில் ஓட்டுப் போட்டார்கள். தன் பொருளுக்குத் தானே போடக் கூடாது. வெள்ளிக்காசு ஜெயித்தது.

"ஒரு செல்லாத ஓட்டு," என்றார் தலைவர். "எவனோ 'பெரில்'னு எழுதியிருக்கான்."

"எவன்னு தெரியாதாக்கும்," என்றாள் பெரில். "சீட்டுல பச்சையாக் கட்டைவிரல் ரேகை!"

பொத்தானைத் தீப்பெட்டியில் போட்டு நோரிஸிடம் நீட்டினாள். "இனிமே எதையாவது தேச்சே, விரலை ஒடிச்சிடுவேன்."

நோரிஸ் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, மற்றக் கையால் வாங்கினான்.