மாமாவுக்குச் சிவப்பு

லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் திங்கட்கிழமை காலைதோறும் ஒரு கூத்து நடக்கும். அதற்குப் பெயர் வாரக் கூட்டம். காலாண்டுக்கு இத்தனை கட்டிடங்களின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஆளுக்கொரு இலக்கு. பலகையில் பெயருக்கு நேரே காந்த வில்லை: பச்சை என்றால் பிழைத்தான், மஞ்சள் என்றால் இழுத்துக்கொண்டு கிடக்கிறான், சிவப்பு என்றால் ஆள் காலி. தன் வில்லையைத் தானே வைக்கக் கூடாது, ஜோடியாள்தான் வைக்க வேண்டும். இரக்கப்பட்டு மஞ்சள் வைத்து, அது பொய்த்துப்போனால் வைத்தவனுக்கும் சிவப்பு. எல்லாம் மேனேஜரின் கண்டுபிடிப்பு. எல்லோரையும் ‘தங்கம்’ என்றுதான் கூப்பிடுவார், அந்த வாய் புழுத்துப்போக.

காலாண்டின் கடைசிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர் மாமா. அவருக்கு ஜோடி சொந்த மச்சினன், மனைவியின் தம்பி. யார் யார் கையைக் காலையோ பிடித்து அவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே மாமாதான்.

படிக்கட்டில் அவனை ஓரங்கட்டிச் சொன்னார். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்காரர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள், அதோடு இலக்கு முடிந்துவிடும். இன்று சிவப்பு விழுந்தால் இன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

“மஞ்சள் மட்டும் வைப்பா. உங்க அக்காகிட்ட நான் எதுவும் சொல்லல.”

பார்க்கலாம் மாமா என்றான். கையெழுத்து நிச்சயம் என்பது அவனுக்கும் தெரியும். ஆஸ்பத்திரி இன்ஜினியரே அவனிடம் சொல்லியிருந்தார். மாமா போய்விட்டால் அவருடைய கட்டிடங்கள் ஜோடியாளுக்கு வரும் என்பதும் தெரியும்.

கூட்டத்தில் சிவப்பை எடுத்து ஒட்டினான். ஏன் தங்கம் என்று மேனேஜர் கேட்டார்.

“ஆஸ்பத்திரி வந்துரும்னு மாமா சொல்றாரு சார். எனக்கு நம்பிக்கையில்ல. அவருக்கு முன்ன மாதிரி முடியல.”

சொந்தபந்தம் பார்க்காத நேர்மை என்று மேனேஜர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். மாமாவும் தட்டினார். பாவம், வேறென்ன செய்வார்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி கையெழுத்தாகி அவன் கணக்கில் ஏறியது. அவனுக்குப் பச்சை.

அன்று சாயங்காலம் அக்கா போனில் அழுதாள். வேலை போன கதையை மாமா அதற்குள் அவளிடம் சொல்லியிருந்தார், தன் பாணியில்.

“எல்லாரும் கைவிட்டப்ப நீ ஒருத்தன்தான் அவருக்காக மல்லுக்கு நின்னியாம். அவரே சொன்னாருடா. இத நாங்க மறக்க மாட்டோம்.”

மாமா ஏன் அப்படிச் சொன்னார் என்பது அவனுக்கு உடனே புரிந்தது. அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். அவளுக்கு அவனாவது மிஞ்சட்டும் என்று நினைத்திருக்கிறார்.

“விடுக்கா,” என்றான். “நம்ம மாமா. நான் செய்யாம வேற யாரு செய்வா?”